பௌர்ணமிக்கு மறுநாள் மூன்று மணிக்குப் போகாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு தமிழ்க் காலண்டர் தொங்குகிறது. புரட்டாசி சனி என்றைக்கு, தைப்பூசக் காவடி என்றைக்கு என்று பார்ப்பதற்கு. கடலுக்குக் குளிக்கப் போகும்போது அதைப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை, ஒரு சட்டி பிரியாணியைக் கடலுக்குக் கொடுக்கும் வரை.

அன்று ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிக்கு மறுநாள். யாரோ அனுப்பிய போட்டோவில் தாம்சன்ஸ் பே டைடல் பூல், அதாவது சுவர் கட்டிய கடலோரக் குளம், கண்ணாடி மாதிரி பச்சையாகக் கிடந்தது. அத்தை, சித்தி, பிள்ளைகள் என்று இரண்டு காரில் பலிட்டோ பக்கம் கிளம்பினோம். போய்ச் சேர மணி மூன்று. போட்டோவில் இருந்த சுவரைக் காணோம். அது இருந்த இடத்தில் வெள்ளை நுரைதான் ஓடிக்கொண்டிருந்தது. சரி, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும் என்று சட்டியைப் பாறைத் திட்டில் வைத்தோம். முதல் அலை மூடியையும் இரண்டு ஜோடிச் செருப்பையும் எடுத்துக்கொண்டது. அடுத்தது சட்டியைச் சாய்த்தது. மஞ்சள் சோறும் உருளைக்கிழங்கும் தண்ணீரில் மிதக்க, சின்ன மீன்கள் கூட்டமாக வந்து கொத்தின. "படையல் போட்டாச்சு, வாங்க வீட்டுக்குப் போகலாம்" என்றார் அத்தை.

குளத்தின் மேல் தப்பில்லை. போன நேரம்தான் தப்பு. டைடல் பூல் என்பது பாறைத் திட்டின் மேல் சிமெண்ட் சுவர் எழுப்பிக் கடலைக் கொஞ்சம் பிடித்து வைப்பது, அவ்வளவுதான். கடல் ஏறும்போது அலை சுவரைத் தாண்டி வந்து பழைய தண்ணீரை மாற்றும். வற்றும்போது சுவர் வெளியே தெரியும், உள்ளே தண்ணீர் அசையாமல் நிற்கும். உம்ட்லோட்டி, சால்ட் ராக், தெற்கே இசிப்பிங்கோ, ஸ்காட்பர்க் என்று எங்கே போனாலும் இதே கதைதான். அமைதியான குளம் எது என்று கேட்பதே முதல் தவறு. எந்தக் குளமும் வற்று நேரத்தில் அமைதிதான், ஏற்றத்தில் எதுவும் இல்லை.

அந்த நேரத்தைக் காலண்டரே சொல்லிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் மிக அதிகம். டர்பனில் ஏறக்குறைய 1.7 மீட்டர், அதாவது ஓர் ஆள் உயரம். அந்த நாட்களில் இந்தக் கரையில் கடல் நன்றாக வற்றுவது காலை பத்து மணியையும் இரவு பத்து மணியையும் ஒட்டி. முழுதாக ஏறுவது மாலை நான்கு மணிவாக்கில். நாங்கள் மூன்று மணிக்குப் போய் நின்றதன் லட்சணம் இப்போது புரியும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிக்கொண்டே போகும். அஷ்டமி வரும்போது கணக்கு தலைகீழ்: காலை பத்துக்கு ஏற்றம், வற்று மாலை நான்கை ஒட்டி. ஆனால் அப்போது வித்தியாசமே அரை மீட்டர்தான் இருக்கும். நல்ல காரியத்துக்கு அஷ்டமி, நவமி ஆகாது என்பார்கள். நீச்சல் தெரியாத பிள்ளைகளைக் கூட்டிப்போக எனக்கு அதுதான் பிடித்த நாள். சரியான நிமிடம் வேண்டுமென்றால் அலை அட்டவணை ஆப்பைப் பாருங்கள். வற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் தொடங்கி இரண்டு மணி நேரம் பின்னால் வரை குளிக்கலாம்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. சுவர் உயரமான குளமாக இருந்தால் அஷ்டமி வாக்கில் ஏற்றம்கூட சுவரைத் தாண்டாது. தண்ணீர் நாலைந்து நாள் மாறாமல் கிடந்து வெதுவெதுப்பாகிவிடும். வாடை வந்தால் இறங்காதீர்கள்.

மழையை மறப்பது அடுத்த தவறு. இங்கே கோடையில்தான் மழை, விடுமுறையும் அப்போதுதான். வெள்ளம் நகரத்து அழுக்கையெல்லாம் ஆற்று முகத்துவாரத்துக்கும் மழைநீர்க் குழாய்களுக்கும் இழுத்து வரும், சில குழாய்கள் குளத்துக்குப் பக்கத்திலேயே கடலில் விழும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் சேதமாகி, ஈ கோலை கிருமி அதிகமாக இருக்கிறது என்று டர்பன் கடற்கரைகள் பலவற்றை மூடி வைத்தது நினைவிருக்கும். பெருமழை விட்டு மூன்று நாளாவது கழியட்டும். மூடியிருக்கிறது என்று பலகை இருந்தால், அதைத் தாண்டி நாலு பேர் குளித்துக்கொண்டிருப்பது ஒரு சாட்சி அல்ல.

சுவரின் மேல் ஏறி நின்று போட்டோ எடுப்பவர்களைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பாசி வழுக்கும், வெளிப்பக்கம் மட்டியும் கடல் முள்ளெலியும் ஒட்டியிருக்கும். பழைய கேன்வாஸ் ஷூ போதும், வெறுங்கால் வேண்டாம். தலைகீழாகக் குதிக்கவும் வேண்டாம். சில இடங்களில் ஆழம் இடுப்பளவுதான், கீழே பாறை.

கிழக்கு, வடகிழக்குக் காற்று இரண்டு நாள் விடாமல் அடித்தால் ப்ளூபாட்டில் வரும், ஜெல்லிமீன் மாதிரி கொட்டும் உயிரி. திறந்த கடலில் அவை போய்விடும். குளத்துக்குள் ஏற்றத்தோடு வந்தால் சுவர் பிடித்து வைத்துக்கொள்ளும். நீல பலூன் மாதிரி மணலில் காய்ந்து கிடப்பதும் கொட்டும், பிள்ளைகள் கையில் எடுப்பது அதைத்தான். கொட்டினால் தேய்க்காதீர்கள். வெறுங்கை படாமல் இழைகளை எடுத்துவிட்டு, கடல் தண்ணீரில் கழுவி, பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரி போல, வெந்நீரில் இருபது நிமிடம் வையுங்கள். எங்கள் வண்டியில் டீக்கு என்று கொண்டுபோகும் ஃபிளாஸ்க் இதற்கும்தான். ஆனால் அதில் இருப்பது கொதிநீர், பச்சைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றிவிடாதீர்கள்.

நம் வீட்டுப் பெண்கள் விஷயம் ஒன்று. புடவையோடும் பஞ்சாபி சுடிதாரோடும் இறங்குவது. கரையில் கால் நனைக்க அது போதும். கழுத்தளவுத் தண்ணீரில் ஈரத்துணி காலைச் சுற்றிக்கொண்டு இழுக்கும், எழுந்து நிற்கவே முடியாது. நம் மூத்தவர்களில் பலருக்கு நீச்சல் தெரியாததற்குக் காரணமும் உண்டு. 1989 நவம்பரில் கடற்கரைகள் எல்லாருக்கும் திறக்கும் வரை நிறவெறி ஆட்சி அவர்களுக்கு ஒதுக்கியது ஒரு துண்டுக் கரைதான். இப்போது கற்றுக்கொள்ள நினைக்கும் அறுபது வயது அத்தைக்கு அலையில்லாத குளத்தைவிட நல்ல இடம் இல்லை. அதற்கேற்ற உடையை வாங்கிக் கொடுங்கள், வெட்கம் பத்து நிமிடத்தில் போய்விடும்.

பூஜைக்கு வருகிறவர்களும் குளத்தை விட்டுவிடலாம். தேங்காய், வெற்றிலை, கற்பூரத் தட்டு எல்லாம் உள்ளே விழுந்தால் வெளியே போக வழியில்லை. சுவருக்குள் மூன்று நாள் ஊறிய மாலையை நீச்சலில் முகத்தால் சந்தித்தவன் சொல்கிறேன்.

ஜூன், ஜூலையில் மத்தி மீன் கூட்டம் கரையோரம் வரும்போது சுறா வலைகளை எடுத்துவிடுவார்கள், திறந்த கடலில் குளிப்பதற்குத் தடை வரும். டைடல் பூலுக்கு அது நல்ல காலம், தண்ணீரும் 20 டிகிரியை ஒட்டி இருக்கும். டிசம்பர் 26, ஜனவரி 1 இரண்டு நாளும் கூட்டம் தாங்காது, வீட்டிலேயே இருங்கள். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடுகிறது. செவ்வாய், புதன் விடியலில் போனால் குளம் உங்களுக்குத்தான்.

ஆனால் ஆள் இல்லை என்றால் உயிர்காப்பாளரும் இல்லை. தனியாகப் போகாதீர்கள். கடல் மீட்புச் சங்கமான என்எஸ்ஆர்ஐயின் அவசர எண் 087 094 9774. பல கரைகளில் அவர்கள் கம்பத்தில் தொங்கவிட்டிருக்கும் இளஞ்சிவப்பு மிதவை எங்கே இருக்கிறது என்று இறங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். ஒருவர் போனோடு மேலே, நனையாத இடத்தில் உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் அது அத்தை. பிரியாணிச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு.