உப்புக்காற்றில் பூத்த அலோய் சில்லைச் சரிசெய்வது எப்படி?

திருகோணமலைக் கரையோரத்தில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த வெள்ளைப் பூப்பு நன்றாகத் தெரியும். ஒரு மாரி வாடைக்காற்று அடித்து ஓய்ந்தால் போதும், பளபளத்த சில்லு மங்கிப்போய்விடும்.

அலோய் சில்லு பெரும்பாலும் அலுமினியம். காற்றுப் பட்டதும் அதன்மேல் மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலம் ஒன்று தானாகவே உருவாகும். உள்ளே இருக்கும் உலோகத்துக்கு அதுதான் காவல். கடல் உப்பிலுள்ள குளோரைட்டு அந்தப் படலத்தை அங்கங்கே துளைத்துவிடும். அப்புறம் வெள்ளைத் தூளும் சிறு குழிகளும் வரும். கிளியர் கோட் என்ற நிறமற்ற மேல்பூச்சு உள்ள சில்லில் கல் பட்டு ஒரு கீறல் விழுந்தால், ஈரமும் உப்பும் அதன் வழியே உள்ளே போய், பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்ததுபோலக் கோடு கோடாகப் பரவும்.

1. முதலில் கழுவுங்கள்

ஓடிவந்த சூட்டோடு தண்ணீர் ஊற்ற வேண்டாம். சில்லும் பிரேக் டிஸ்க்கும் ஆறட்டும். கார் கழுவும் ஷாம்பூ, ஒரு வாளி தண்ணீர், பழைய பல் பிரஷ் போதும். கரையோரக் கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால், கடைசிக் கழுவலையாவது குழாய்த் தண்ணீரில் செய்யுங்கள். உவர்த் தண்ணீரில் கழுவிக் காயவிட்டால் உப்பைத் திரும்பப் பூசியதாகத்தான் முடியும். கழுவியும் போகாத மண்ணிறப் புள்ளிகள் பெரும்பாலும் பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டிய இரும்புத்தூளின் துரு. அலுமினியம் அந்த நிறத்தில் துருப்பிடிக்காது.

2. மேற்பரப்பு என்னவென்று பாருங்கள்

இந்த வேலையில் பாதி இதுதான். அவசரப்பட்டுத் தேய்க்கிறவர்கள் கெடுப்பதும் இங்கேதான். வெள்ளைத் துணியில் கொஞ்சம் மெட்டல் பொலிஷ் எடுத்து, சில்லின் மறைவான ஓர் இடத்தில் தேயுங்கள். துணி கறுத்தால் அது பூச்சில்லாத வெறும் உலோகம். சில்லின் நிறமே துணியில் ஏறினால் பெயின்ற். ஒன்றுமே வராவிட்டால் மேலே கிளியர் கோட் இருக்கிறது.

குரோம் பூசிய சில்லையும், முகப்பில் கடைசல் இயந்திரத்தின் மெல்லிய வட்டக் கோடுகள் தெரிகிற சில்லையும் அரத்தாளால் தொடவே வேண்டாம். அந்தக் கோடுகள் போனால் கையால் திரும்பக் கொண்டுவர முடியாது.

3. வெறும் உலோகம் என்றால்

இது சுலபம். மங்கல் மட்டும் என்றால் பொலிஷும் பழைய பருத்திச் சாரத்துண்டும் போதும். சின்னச் சின்னப் பகுதியாகத் தேய்த்து, கறுப்பு வர வரத் துணியை மாற்றுங்கள். சொரசொரப்பாக இருந்தால் 800, 1000, 1500, 2000 என்று, எண் ஏற ஏற நைசாகும் வாட்டர் பேப்பர் அரத்தாளை ஈரமாக வைத்துத் தேய்த்து, முன்னைய தாளின் கீறல் மறைந்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். ஆழமான குழி எல்லாவற்றையும் தேய்த்து எடுக்கப் பார்க்காதீர்கள், உலோகம் வீணாகும்.

4. பெயின்ற் அல்லது கிளியர் கோட்டுக்கு அடியில் பூத்திருந்தால்

பொலிஷால் பயனில்லை. கெட்ட பூச்சை நீக்கித்தான் ஆக வேண்டும். ரயருக்கும் ரிம்முக்கும் இடையில் பழைய சீட்டுக்கட்டின் அட்டைகளைச் சுற்றிவரச் செருகுங்கள். மாஸ்கிங் ரேப் ஒட்டுவதைவிட இது வசதி. 400 தாளை ஈரமாக்கி, வெள்ளைப் பூப்பு முழுவதும் போய் நல்ல உலோகம் தெரியும்வரை தேயுங்கள். கோடு கொஞ்சம் மிஞ்சினாலும் புதுப் பூச்சுக்குள் அது திரும்ப ஓடும். பிறகு 800 தாளால் ஓரங்களைச் சமப்படுத்திக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் துடையுங்கள். அதன்பின் அங்கே வெறுங்கை படக்கூடாது.

அலுமினியத்தில் ஒட்டும் எட்ச் ப்ரைமர், மேலே சில்லுப் பெயின்ற், கடைசியில் கிளியர் கோட். எல்லாமே ஸ்ப்ரே டின்னில் கிடைக்கும். தடிப்பாக ஒரே தடவையில் அடித்தால் வழிந்துவிடும். மெல்லிய இரண்டு மூன்று பூச்சுகள் நல்லது. வெயில் ஏறி ஈரம் காய்ந்த காலை நேரத்தில், நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில், ஸ்ப்ரேக்கு ஏற்ற முகக்கவசத்தோடு அடியுங்கள். கச்சான் காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும் நாளில் இந்த வேலையைத் தொடாமல் விடுவதே மேல்.

செய்யக்கூடாதவை

தேசிக்காய்ச் சாறு, கழிவறை அமிலம், கோஸ்டிக் சோடா என்று யூடியூபில் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கோஸ்டிக் சோடா அலுமினியத்தையே கரைக்கும். இரும்புக் கம்பிப் பிரஷும் வேண்டாம். அதன் துகள்கள் அலுமினியத்தில் பதிந்துவிட்டால் அரிப்பு இன்னும் வேகமாகும்.

5. பூட்டும்போது

சில்லைக் கழற்றி வேலை செய்தால், ஹப்பில் அது பொருந்தும் இடத்திலுள்ள பூப்பையும் நைலோன் பிரஷால் எடுத்துவிடுங்கள். நட்டுகளை நட்சத்திர வடிவில் மாறி மாறி, கார்ப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு இறுக்கி, 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் இன்னொரு தடவை சரிபாருங்கள். வெறும் உலோகச் சில்லுக்கு மேலே சீலன்ட் பூசிவிடலாம். கடற்கரைப் பக்கம் ஓடும் காருக்கு வாராவாரம் நல்ல தண்ணீரில் அலசுவதும் அவசியம்.

ரயரின் காற்று மெதுவாக இறங்கிக்கொண்டே இருந்தால், ரயர் அமரும் விளிம்பிலும் பூத்திருக்கலாம். அதை வீட்டில் பார்க்க முடியாது. ரயர் கடையில் ரயரைக் கழற்றி விளிம்பைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.