செங்கல் கணப்படுப்புக்குப் பெயின்ட் அடிக்கும் முன்

கனடாவில் பழைய வீடு வாங்கியவர்களுக்குப் பழகிய காட்சி இது: வரவேற்பறையில் 1970களின் சிவப்புச் செங்கல் கணப்படுப்பு ஒன்று சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும். இடித்துக் கட்ட ஆயிரக்கணக்கில் டாலர் கேட்பார்கள். பெயின்ட் என்றால் கைக்கு அடங்கும். நானும் அப்படித்தான் இறங்கினேன், முதல் தடவை நன்றாகவே சொதப்பினேன்.

ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மிச்சமிருந்த வெள்ளைச் சுவர் பெயின்ட்டை இரண்டு கோட் அடித்தேன். மூன்றே வாரத்தில் மேல் விளிம்பில் டீ சிந்தியதுபோல் பழுப்புத் திட்டுகள். இன்னொரு கோட் அடித்தேன், அதையும் தாண்டி வந்தது. விறகடுப்பு எரிந்த சமையலறைக்குப் பொங்கலுக்கு வெள்ளையடித்தவர்களுக்கு இது புதிதல்ல. புகைக்கறை தண்ணீர் கலந்த பெயின்ட்டில் ஊறி மேலே ஏறிவிடும். அதை நிறுத்துவது பெயின்ட்டுக்கு அடியில் பூசும் கறை தடுக்கும் ப்ரைமர்தான், ஷெல்லாக் (அரக்கு) அல்லது எண்ணெய் வகை. விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் நான் வீணாக்கிய மூன்று கோட் பெயின்ட்டும் சும்மா வந்ததில்லையே!

ப்ரைமருக்கும் முன்னால் கரியைப் பிரஷால் தட்டி, டிரைசோடியம் பாஸ்பேட் என்னும் கறை நீக்கும் தூளின் கரைசலால் தேய்த்து (கையுறை போட்டுக்கொள்ளுங்கள்), நல்ல தண்ணீரில் கழுவி, முழுதாகக் காயவிட வேண்டும். செங்கல் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். ஓரிரு நாள் விடுங்கள்.

கேஸ் கணப்படுப்பா? பற்றவைப்பதற்காக எரிந்துகொண்டே இருக்கும் பைலட் சுடரை அணைத்து, கேஸ் வால்வை மூடிய பிறகுதான் டப்பாவைத் திறக்க வேண்டும். ஷெல்லாக் ப்ரைமரில் இருப்பது ஆல்கஹால். அதன் ஆவி அந்தக் குட்டிச் சுடரிலேயே பற்றிக்கொள்ளும்.

நெருப்பு எரியும் உட்புறத்தில் சுவர் பெயின்ட் கூடவே கூடாது, பொரிந்து நாறும். விறகு எரிப்பது என்றால் சுமார் 650 டிகிரி செல்சியஸ் தாங்கும் பெயின்ட் தனியாக விற்கிறது. கேஸ் என்றால் கையேட்டைப் பார்க்காமல் உள்ளே கைவைக்க வேண்டாம். மங்கிப்போன பித்தளைக் கதவுச் சட்டத்துக்கும் வெப்பம் தாங்கும் கறுப்பு ஸ்ப்ரேதான். கதவைக் கழற்றி வெளியே கொண்டுபோய் அடியுங்கள். எங்கள் வீட்டில் பாதி மாற்றம் அந்த ஒரு கேனில்தான் வந்தது.

செங்கல்லில் உப்புப் பூத்திருந்தால் வேலையை நிறுத்துங்கள். எங்கிருந்தோ ஈரம் இறங்குகிறது, பெரும்பாலும் புகைபோக்கி வழியாக. அதைச் சரிசெய்யாமல் அடித்தால் பெயின்ட் தோலாக உரியும். 1960க்கு முந்தைய வீட்டில் பழைய பெயின்ட் இருந்தால் சுரண்டவும் கூடாது. ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், முதலில் சோதித்துப் பாருங்கள்.

அப்புறம், காய்ந்ததும் நெருப்பு மூட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். டப்பாவில் போட்டிருக்கும் நாள்வரை பொறுங்கள். நாங்கள் புது கணப்படுப்பின் முன்னால் இரண்டு வாரம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.