காந்தத்துக்கு நகரும் நானோ துகள்: ஆய்வகச் செய்முறை

நானோ ரோபோ என்றால் கை கால் முளைத்த பொம்மை அல்ல. ஆய்வகங்களில் ஓடும் பலவற்றுக்கு வெளியிலிருக்கும் காந்தம்தான் மோட்டார். அதற்கு உடலாகும் மேக்னடைட்டை (காந்தம் ஈர்க்கும் கறுப்பு இரும்பு ஆக்சைடு) வேலூர் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யலாம். ராணிப்பேட்டை நிலத்தடி நீரைக் கெடுத்த குரோமியம் 6-ஐப் (குரோமியத்தின் நச்சு வடிவம்) பிடிக்கவும் இதே துகள் உதவும்.

100 மி.லி. வாலைவடிநீரைக் கொதிக்கவைத்து மூடி ஆறவிடுங்கள். கரைந்த ஆக்சிஜன் வெளியேற வேண்டும். அதில் பெரிக் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் 5.4 கிராம், பெரஸ் குளோரைடு டெட்ராஹைட்ரேட் 2 கிராம் கரையுங்கள். பெரிக்குக்கும் பெரஸுக்கும் 2:1 மோல் விகிதம் தவறக்கூடாது. பெரஸ் உப்பு வெளிர்பச்சையாக இருக்கட்டும். மஞ்சள் தட்டியிருந்தால் அதில் ஒரு பகுதி பெரிக்காக மாறியிருக்கும், கணக்கே மாறிவிடும்.

ஃபியூம் ஹூட்டுக்குள் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகக் கூண்டு), 70 டிகிரி சூட்டில், வேகமாகக் கலக்கியபடி 25% அமோனியா 20 மி.லி.யைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். காந்தக் கலக்கி வேண்டாம், துகளெல்லாம் அதன் குச்சியிலேயே அப்பிக்கொள்ளும். மேலிருந்து சுழலும் கண்ணாடித் தண்டு நல்லது. மைபோலக் கறுத்தால் சரி. செம்பழுப்பானால் காற்று புகுந்துவிட்டது, மறுபடி தொடங்குங்கள்.

பீக்கருக்கு அடியில் நியோடிமியம் காந்தம் வைத்தால் கருமை சரசரவெனக் கீழிறங்கும். மேல்நீரை வடித்து, பி.எச். 7 வரும்வரை கழுவுங்கள். உலர்த்தாதீர்கள், கட்டி தட்டும்.

குரோமியம் 6 கலந்த நீர் மாதிரியை பி.எச். 3-க்குக் கொண்டுவந்து, துகள் சேர்த்து ஒரு மணி நேரம் கலக்கி, காந்தத்தால் பிரியுங்கள். கையுறை கட்டாயம், குரோமியம் 6 புற்றுநோய் வரவைக்கும் பொருள். கழிவைத் தொட்டியில் ஊற்றவே கூடாது, அபாயக் கழிவாகத் தனியே சேர்த்து வையுங்கள்.