டைமிங் செயின் சத்தம்: டென்ஷனரைக் கழற்றிப் பார்த்து முடிவெடுங்கள்

பைக்கை ஸ்டார்ட் செய்ததும் சிலிண்டர் பக்கவாட்டிலிருந்து ‘சலசல’வென்று ஒரு சத்தம். லேசாக ரேஸ் கொடுத்தால் அடங்குகிறது, ஆக்சிலரேட்டரை விட்டதும் திரும்ப வருகிறது. ‘டைமிங் செயின் சத்தம், டென்ஷனரை மாற்றிவிடு’ என்று கேட்டவர்கள் எல்லோரும் சொல்வார்கள். சொல்வதில் பாதி சரி. டென்ஷனர் (செயின் தளராமல் தள்ளிப் பிடிக்கும் பாகம்) பழுதானாலும் இந்தச் சத்தம் வரும், டென்ஷனர் நன்றாக இருந்து செயினே தேய்ந்துபோயிருந்தாலும் வரும். இரண்டில் எது என்பது, டென்ஷனரைச் சரியான முறையில் கழற்றினால் அதிலேயே தெரிந்துவிடும். அந்த முறையைத்தான் இங்கே விளக்கப்போகிறேன்.

இங்கே சொல்வது காற்றில் குளிரும், ஒற்றை சிலிண்டர், ஹெட்டில் (சிலிண்டரின் மேல் பகுதியில்) ஒரே கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) உள்ள நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினை மனதில் வைத்து. உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அளவுகளுக்கு அதுதான் ஆதாரம்.

உள்ளே என்ன நடக்கிறது

கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அதனால் கேம் ஸ்ப்ராக்கெட்டில் (பற்சக்கரத்தில்) கிராங்க் ஸ்ப்ராக்கெட்டைப் போல இரண்டு மடங்கு பற்கள் இருக்கும். இரண்டையும் இணைப்பது டைமிங் செயின். கிராங்க் முன்சக்கரத்தை நோக்கிச் சுற்றுவதால் செயினின் முன்பக்க ஓட்டம் எப்போதும் இழுபட்டு விறைப்பாக இருக்கும். தளர்வு முழுக்கப் பின்பக்கம் வந்து சேரும். அதனால்தான் பெரும்பாலான எஞ்சின்களில் டென்ஷனர் சிலிண்டரின் பின்னால், கார்புரேட்டருக்குக் கீழே இருக்கிறது. அது வளைந்த ஒரு கைடைத் தள்ளுகிறது, கைடு செயினைத் தள்ளுகிறது.

‘செயின் நீண்டுவிட்டது’ என்கிறோம். உண்மையில் இரும்புத் தகடு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் உள்ள பின்னும் புஷ்ஷும் மயிரிழை அளவு தேய்கின்றன. எல்லா இணைப்புகளின் தேய்மானமும் சேரும்போது செயின் நீளமாகிறது. எஞ்சின் ஆயில் குறைவாக இருந்தாலோ, மாற்றாமல் கருத்துப்போயிருந்தாலோ இது வேகமாக நடக்கும். நீண்ட செயினில் கேம் கொஞ்சம் பின்தங்கும், வால்வுகள் தாமதமாகத் திறந்து மூடும். ஆகவே இது சத்தத்தோடு நிற்கிற விஷயம் இல்லை. தளர்வு மிக அதிகமானால் செயின் ஸ்ப்ராக்கெட்டில் பல் தாண்டும், அப்போது பிஸ்டன் வால்வில் இடிக்கவும் கூடும்.

டென்ஷனர் பல வகை. போல்ட்டும் லாக் நட்டும் வைத்துக் கையால் சரிசெய்வது ஒன்று. ஸ்பிரிங் தள்ள, பல் வைத்த ராடு திரும்பி வராமல் ஒரு கொக்கி பிடித்துக்கொள்வது இன்னொன்று. சுருள் ஸ்பிரிங் ஒரு திருகைச் சுழற்றி ராடை வெளியே தள்ளுவது மூன்றாவது. இவை தவிர ஆயில் அழுத்தத்தில் இயங்கும் டென்ஷனரும் உண்டு. அதில் ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகள் சத்தம் வந்து, ஆயில் ஏறியதும் அடங்கினால் உடனே பதற வேண்டாம். ஆயில் அளவைப் பாருங்கள்.

சத்தம் செயினுடையதுதானா?

கழற்றுவதற்கு முன் இந்தச் சோதனையை ஒழுங்காகச் செய்துவிடுங்கள். நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேளுங்கள். கை, துணி, முடி எதுவும் சுற்றும் பாகங்கள் பக்கம் போகக் கூடாது.

டேப்பெட் சத்தம் (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவில் உள்ள இடைவெளியால் வருவது) ‘டிக் டிக் டிக்’ என்று சீராக வரும், ஹெட் கவரின் மேலே தெளிவாகக் கேட்கும். செயின் சத்தத்தில் அந்தச் சீர் இருக்காது. உரசலும் தட்டலும் கலந்து, செயின் ஓடும் பக்கத்தில் சிலிண்டரின் மேலிருந்து கீழ்வரை கேட்கும். ஐடிலிங்கிலும், வேகத்திலிருந்து ஆக்சிலரேட்டரை விடும்போதும் அதிகமாகும். கிளட்ச் லிவரைப் பிடித்ததும் சத்தம் மாறினால் கிளட்ச் பக்கம் பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் மந்தமாகத் தட்டி, சூடானதும் மறைந்தால் பிஸ்டனாக இருக்கலாம். லோடு கொடுக்கும்போது அடியிலிருந்து கனமாக இடித்தால் வண்டியை ஓட்டாதீர்கள், அது கனெக்டிங் ராடாக இருக்க வாய்ப்பு அதிகம்.

டேப்பெட் இடைவெளியையும் முதலிலேயே சரிபார்த்துவிடுங்கள். ஹெட் கவரைத் திறக்கத்தானே போகிறோம்.

டென்ஷனரைக் கழற்றுவது

எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கட்டும். பிளக்கைக் கழற்றுங்கள், அப்போதுதான் கிராங்க்கைக் கையால் சுலபமாகச் சுற்றலாம். மேக்னெட் கவரில் உள்ள இரண்டு மூடிகளைத் திறந்து, ரோட்டர் (கிராங்க் முனையில் உள்ள காந்தச் சக்கரம்) நட்டில் சாக்கெட் போட்டு, எஞ்சின் ஓடும் திசையில் மட்டும் சுற்றுங்கள். இடப்பக்கம் நின்று பார்த்தால் பெரும்பாலும் அது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. பின்னோக்கிச் சுற்றினால் தளர்வு இடம் மாறி செயின் பல் தாண்டலாம். ரோட்டரில் ‘டி’ எழுத்துக்குப் பக்கத்தில் உள்ள கோடு கேஸின் குறியோடு சேர வேண்டும். அதே நேரம் இரண்டு ராக்கர்களும் லேசாக ஆட வேண்டும். ராக்கர்கள் இறுக்கமாக இருந்தால் இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். இதுதான் கம்ப்ரஷன் டாப், அதாவது இரண்டு வால்வும் மூடி பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை.

அடுத்து, டென்ஷனர் ராடு எந்த அளவு வெளியே போயிருக்கிறது என்பதை இழந்துவிடாமல் கழற்றுவது. வந்த வேகத்தில் இரண்டு போல்ட்டுகளையும் கழற்றினால் ஸ்பிரிங் ராடை முழுவதும் தள்ளிவிடும், அப்புறம் அது எங்கே நின்றிருந்தது என்று தெரியாது.

பல் வைத்த ராடு உள்ள வகையில், நடுவில் உள்ள மூடி போல்ட்டை முதலில் கழற்றி ஸ்பிரிங்கை வெளியே எடுங்கள். பிறகு பக்க போல்ட்டுகளைக் கழற்றினால் ராடு நின்ற பல்லிலேயே நிற்கும். எத்தனை பல் வெளியே வந்திருக்கிறது என்று எண்ணலாம். திருகு வகையில், மூடியைக் கழற்றி, மெல்லிய தட்டை ஸ்குரூடிரைவரை நுழைத்து, ராடு உள்ளே போகும் பக்கம் திருப்புங்கள். பெரும்பாலும் அது வலப்பக்கம். முட்டி நிற்கும்வரை எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அப்படியே பிடித்துக்கொண்டு போல்ட்டுகளைக் கழற்றுங்கள். வெளியே வந்ததும் ராடை முழுக்க நீளவிட்டு, மறுபடி உள்ளே சுற்றி எண்ணுங்கள். இரண்டு எண்களையும் ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. டென்ஷனர் போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, மனம் மாறி அப்படியே திரும்ப இறுக்கவே கூடாது. அந்த இடைவெளிக்குள் ராடு கூடுதலாக நீண்டு பூட்டிக்கொள்ளும். இறுக்கும்போது அது செயினை அளவுக்கு மேல் அழுத்தி, கைடையும் கேமையும் கெடுத்துவிடும். தளர்த்தினால் முழுவதும் கழற்றி, ராடை உள்ளே தள்ளிய பிறகுதான் மாட்ட வேண்டும்.

என்ன மாற்ற வேண்டும்

ராடு இன்னும் நிறைய நீள இடமிருந்தும் செயின் தளர்வாக இருந்ததா? அப்படியானால் குற்றம் டென்ஷனர்மீது. ராடைக் கட்டைவிரலால் உள்ளே அழுத்துங்கள். கொக்கியோ திருகோ பிடிக்காமல் உள்ளே போனாலும், நடுவில் சிக்கினாலும் அதை மாற்றுங்கள். புது டென்ஷனரே போதும்.

ராடு கிட்டத்தட்ட முழுவதும் நீண்டிருந்தால் டென்ஷனர் தன் வேலையை முடித்துவிட்டது. செயினும் கைடும் தேய்ந்திருக்கின்றன. இந்த நிலையில் புது டென்ஷனர் போட்டாலும் அதுவும் அதே இடத்தில்தான் போய் நிற்கும், காசு வீண். உறுதிப்படுத்த, டென்ஷனர் துளை வழியாக மழுங்கிய கம்பியால் பின்பக்க கைடை மெதுவாக அழுத்தித் தளர்வை எடுத்துவிட்டு, கேம் ஸ்ப்ராக்கெட்டின் குறியைப் பாருங்கள். ரோட்டர் குறி சரியாக இருந்தும் கேம் குறி பின்தங்கி நின்றால் செயின் நீண்டுவிட்டது என்று அர்த்தம். கைடின் ரப்பரில் செயின் ஆழமாகப் பள்ளம் போட்டிருந்தாலோ, ரப்பர் பெயர்ந்திருந்தாலோ அதையும் சேர்த்து மாற்றுங்கள். பெயர்ந்த துண்டுகள் ஆயில் வடிகட்டியை அடைத்திருக்கும், அதையும் கழுவ வேண்டும்.

செயினை மாற்றுவது

கேம் ஸ்ப்ராக்கெட் போல்ட்டுகளைக் கழற்றும் முன் செயினை ஒரு கம்பியால் கட்டிக்கொள்ளுங்கள், செயின் ஓடும் குழியைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் எஞ்சினையே பிரிக்க நேரலாம். செயின் மேக்னெட் பக்கம் ஓடினால் கவரைக் கழற்றி, அந்த மாடலுக்கு உரிய புல்லரால் ரோட்டரை இழுக்க வேண்டும். சுத்தியல் வேண்டவே வேண்டாம். கிராங்க்கில் உள்ள பிறை வடிவச் சாவி சில சமயம் ரோட்டரின் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வரும், தேடி எடுத்து வையுங்கள். கிளட்ச் பக்கம் செயின் ஓடும் எஞ்சின்களில் வேலை இன்னும் பெரிது. முன் கைடை எடுக்கச் சில எஞ்சின்களில் ஹெட்டையே இறக்க வேண்டிவரும். இதில் எங்கேயாவது தயக்கம் வந்தால் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுவதுதான் சரி.

புதுச் செயினை ஆயிலில் நனைத்து மாட்டுங்கள். ரோட்டர் குறி டாப்பில் நிற்க, செயினின் முன்பக்கத்தை விறைப்பாக இழுத்து, தளர்வைப் பின்னால் விட்டு, கேம் குறியைச் சேர்த்து ஸ்ப்ராக்கெட்டைப் பூட்டுங்கள். டென்ஷனர் ராடை முழுவதும் உள்ளே வைத்து, புது கேஸ்கெட்டோடு மாட்டுங்கள். 6 மி.மீ. போல்ட்டுகளுக்குப் பொதுவாக 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். மாட்டிய பிறகு ராடை விடுவித்து, மூடியை இறுக்குங்கள்.

இப்போது கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். எங்கேயாவது கெட்டியாக முட்டினால் பலத்தைப் போடாதீர்கள், வால்வு பிஸ்டனைத் தொட்டிருக்கலாம். குறிகளை மறுபடி பாருங்கள். ஒரு பல் தள்ளியிருந்தாலும் கழற்றித் திரும்பச் செய்யுங்கள். சரியாக இருந்தால் டேப்பெட் இடைவெளி வைத்து, புது ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் விடுங்கள். சலசலப்பு போயிருக்க வேண்டும். அதற்குப் பதில் ‘ஊய்’ என்று ஒரு இழுவைச் சத்தம் வந்தால் செயின் இறுக்கம் அதிகம், உடனே நிறுத்தி டென்ஷனரைத் திரும்பப் பாருங்கள். எல்லாம் சரியென்றால் ஒரு சிறு ஓட்டம் போய்வந்து, எஞ்சின் ஆறியதும் டென்ஷனர் கேஸ்கெட்டைச் சுற்றி ஆயில் கசிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.