சவுரி முடியைக் கிணற்று நீரில் கழுவுவோர்க்கு

உண்மை முடியால் ஆன சவுரியை ஷாம்பு போட்டுக் கழுவிய பின், ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினாகிரி கலந்து, அதில் ஓரிரு நிமிடம் அமிழ்த்தி எடுத்து, மீண்டும் ஒருமுறை அலசினால், சிக்கும் சொரசொரப்பும் குறைவதோடு விலைகூடிய கொண்டிஷனரும் சிறிதளவே தேவைப்படும்.

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கல்லடி, காத்தான்குடிப் பக்கங்களில் கிணற்று நீர் பல வளவுகளில் கடினமானது. அதிலுள்ள கல்சிய உப்புகள் முடியில் படிகின்றன. தலையில் வளரும் முடிக்குத் தோலின் எண்ணெய் ஓரளவு காப்பாக அமைகிறது, வெட்டித் தைத்த முடிக்கோ அந்தக் காப்பும் இல்லை. வினாகிரியின் மென்மையான அமிலம் அந்த உப்புப் படிவைக் கரைத்து, முடியின் மேலுள்ள நுண்செதில்களைப் படிய வைக்கிறது. அச்செதில்கள் அடியிலிருந்து நுனி நோக்கியே படிந்திருப்பதால், துணியைப்போலக் கசக்காமல் அத்திசையிலேயே விரலால் நீவ வேண்டும். துவாயால் தேய்ப்பதும் கசக்குவதைப்போலவே செதில்களைக் கிளப்பிவிடும்.

கிணற்று நீர் உவர்ப்பாயின் வினாகிரி போதாது, கடைசி அலசலுக்கு மழைநீரோ குழாய் நீரோ வேண்டும். நைலோன் சவுரிக்கு இம்முறையால் பயனில்லை. பசையால் தலையில் ஒட்டிய முடியாயின், ஒட்டிய இடத்தில் இக்கலவை படாமல் நுனிப்பகுதிக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.