காலர் வைத்தால் டி-சர்ட் இல்லையாம்

வியட்நாமில் இருந்து ஆண்களுக்கான போலோ பனியன் (காலரும் முன்பக்கம் பாதித் திறப்பும் உள்ளது) இறக்கினேன். இன்வாய்ஸில் சப்ளையர் ‘டி-சர்ட்’ என்று போட்டிருந்தார். நானும் யோசிக்காமல், சுங்க வரிப் பட்டியலில் பொருளின் வகையைக் குறிக்கும் எண்ணாக 6109 என்ற தலைப்பைக் கொடுத்துவிட்டேன். சென்னைத் துறைமுகத்தில் சரக்கைத் திறந்து பார்த்த அதிகாரி உடனே கேள்வி எழுப்பினார்.

அன்றைக்கு இரவுதான் அந்தப் பட்டியலின் 61-ஆம் அத்தியாயத்தை உருப்படியாகப் படித்தேன். பின்னலாடைக்கு 61, தறியில் நெய்ததற்கு 62. அதுவரைக்கும் தெரியும். ஆனால் 6109 என்பது காலரும் பட்டனும் இல்லாத பனியனுக்கு. காலரும் பாதித் திறப்பும் இருந்தால் ஆண்கள் சட்டை, 6105.

அதோடு முடியவில்லை. ஒரு டிசைனில் அடிப்பக்கம் ரிப் பட்டி (இழுபட்டு இறுக்கும் வரிப் பின்னல்). அந்த அத்தியாயத்தின் குறிப்பு 4-இன்படி, கீழே இறுக்கும் பட்டியோ இடுப்புக்குக் கீழே பாக்கெட்டோ இருந்தால் 6105 பொருந்தாது. இரு திசையிலும் சென்டிமீட்டருக்குச் சராசரியாகப் 10 கண்ணிக்கு (பின்னலின் ஒவ்வொரு வளையம்) குறைந்தாலும் அப்படித்தான். அதனால் அந்த டிசைன் புல்லோவர் போன்றவற்றுக்கான 6110-க்குப் போனது. மற்றதில் லென்ஸை வைத்துக் கண்ணி எண்ணினேன். 10 செ.மீ.க்கு 10 செ.மீ. பரப்பில் எண்ண வேண்டும், கண் வலித்துவிட்டது. எண்ணிக்கை தேறியது.

துணி 60% பருத்தி, 40% பாலியஸ்டர். எடையில் எது அதிகமோ அதுதான் கணக்கு, எனவே பருத்தி உட்பிரிவு.

படம், துணி விவரம், எண்ணிக்கை எல்லாம் சேர்த்துத் திருத்தம் கேட்டுக் கடிதம் கொடுத்தோம். ஏற்றுக்கொண்டார்கள். சரக்கு துறைமுகத்தில் கூடுதலாகத் தங்கிய நாட்களுக்கான டெமரேஜ் கட்டணம் மட்டும் என் தலையில். இப்போதெல்லாம் ஆர்டருக்கு முன்பே சாம்பிளை வாங்கி, அடிப்பட்டியைத்தான் முதலில் பார்க்கிறேன்.