மெஸ்ஸோ-சொப்ரானோவின் ஐந்து ஆரியாக்கள்: ஜெர்மன் ஓபரா அரங்குகளின் ஆடிஷனுக்குத் தயாராவது எப்படி

ஓபரா பாடி மாதச் சம்பளம் வாங்கும் வேலை உலகத்திலேயே அதிகம் கிடைப்பது ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில்தான். ஜெர்மனியில் மட்டும் பொதுப் பணத்தில் நடக்கும் ஓபரா அரங்குகள் சுமார் 80 இருக்கின்றன. மெஸ்ஸோ-சொப்ரானோ, சுருக்கமாக மெஸ்ஸோ, என்பது உயர்ந்த சொப்ரானோவுக்கும் தாழ்ந்த ஆல்ட்டோவுக்கும் இடைப்பட்ட பெண் குரல். புகழ்பெற்ற மெஸ்ஸோ கிறிஸ்டா லுட்விக் 1946-இல், 18 வயதில், ஃபிராங்க்ஃபுர்ட்டில் ‘டி ஃபிளேடர்மௌஸ்’ ஓபரெட்டாவின் ஓர்லோஃப்ஸ்கி வேடத்தில் தொடங்கினார். லாத்வியாவிலிருந்து வந்த மெஸ்ஸோ எலினா கராஞ்சா, வியன்னாவுக்கு முன்னால் மைனிங்கன் என்ற சிற்றூர் அரங்கில் பாடியவர். சர்வதேச மெஸ்ஸோ ஆக விரும்புகிறவர் முதலில் தட்ட வேண்டியது இப்படிப்பட்ட கதவுகளைத்தான்.

தேர்வுக் குழுவுக்குக் குரலின் அழகு மட்டும் போதாது. அடுத்த பருவத்துக்கு அவர்கள் ஏற்கெனவே திட்டமிட்டிருக்கும் ஓபராக்களில் எந்த வேடத்தை உங்களுக்குக் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் கேட்பார்கள். நீங்கள் கொடுக்கும் ஐந்து ஆரியாப் பட்டியல் (ஆரியா என்பது ஓபராவில் ஒருவர் தனியாகப் பாடும் பாட்டு) அந்தக் கணக்குக்கு விடையாக இருக்க வேண்டும்.

பட்டியலை அமைப்பது

இருபதுகளில் இருக்கும் மெஸ்ஸோ பெரும்பாலும் லிரிக் வகை, அதாவது கனம் குறைந்த, இழைவான குரல். இந்த வகைக்குக் கிடைக்கும் வேடங்களில் பாதி ஆண் வேடங்கள், கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தாரே, அதுபோலப் பெண் குரலில் இளைஞனாக நிற்க வேண்டும்.

மொஸார்ட் இல்லாத பட்டியல் செல்லாது. ‘ஃபிகாரோவின் திருமணம்’ (1786) ஓபராவில் கெருபினோ பாடும் ‘நோன் ஸோ ப்யூ’ மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும், முதல் பாட்டாக வைக்கலாம். வேகமான சொற்கள், மூச்சுக்கு இடமில்லாத வரிகள். பதற்றத்தில் இன்னும் விரைந்தால் இத்தாலிய இரட்டை மெய்கள் கரைந்து போகும். அதனால் வீட்டில் பழகும்போது மேடை வேகத்தைவிடச் சற்று நிதானமாகவே பழகுங்கள். மொஸார்ட்டின் ‘லா க்ளெமென்ஸா தி தீத்தோ’ ஓபராவில் வரும் ‘பார்த்தோ, பார்த்தோ’ அருமையான பாட்டுதான். ஆனால் ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும், அதில் பாதி அழகு கிளாரினெட்டுடையது. பியானோவோடு பாடினால் அது காணாமல் போகிறது.

இரண்டாவது, ஜெர்மன். இங்கே ஒரு சிக்கல் உண்டு. அரங்குகள் மெஸ்ஸோவிடம் அதிகம் எதிர்பார்க்கும் வேடங்கள் ஹென்ஸலும், ரிச்சர்ட் ஸ்ட்ராவுஸின் ‘ரோஸன்கவாலியர்’ ஓபராவின் ஒக்டாவியனும். 1893-இல் வைமரில் முதன்முதலில் மேடையேறிய ‘ஹென்ஸலும் கிரேட்டலும்’ இன்றும் கிறிஸ்துமஸ் காலத்தில் ஊர் ஊராக நடக்கிறது. ஆனால் இந்த இரண்டு வேடங்களுக்கும் தனியாக எடுத்துப் பாடத்தக்க ஆரியா கிடையாது. ஒக்டாவியனுக்குப் பதிலாகப் பாடப்படுவது, அதே ஸ்ட்ராவுஸின் ‘அரியாட்னே’ (1916 வடிவம்) ஓபராவில் வரும் இசையமைப்பாளன் பாடும் ‘ஸைன் விர் வீடர் கூட்’. மேல் பி ஃபிளாட் வரை ஏறும் பாட்டு இது. மூன்று முறை தொடர்ந்து பாடி மூன்று முறையும் அந்த ஸ்வரம் நின்றால் பட்டியலில் சேருங்கள், இல்லையென்றால் ஓர்லோஃப்ஸ்கி போதும். ஹென்ஸலை முழுதாகப் பாடம் பண்ணி, ‘தயாராக உள்ள வேடங்கள்’ என்று தன்விவரத்தில் எழுதுங்கள்.

மூன்றாவது, ரோஸ்ஸினியின் ‘செவில் நகரத்து நாவிதன்’ ஓபராவின் ரோஸினா. ‘ஊனா வோசே’ ஆரியாவை மூல சுருதியான இ மேஜரில் எடுத்துக்கொள்ளுங்கள். சொப்ரானோக்கள் பாடும் எஃப் மேஜர் பிரதியைக் கொண்டுபோனால் நீங்கள் மெஸ்ஸோதானா என்ற சந்தேகத்தை நீங்களே கிளப்பியதாகும். அலங்காரங்களை உங்கள் குரலுக்கு ஏற்ப எழுதி வையுங்கள். பிரபல பதிவிலிருந்து அப்படியே எடுத்ததைக் குழு முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடும்.

பிரெஞ்சுக்கு ‘ஃபவுஸ்ட்’ (1859) ஓபராவின் ஸியெபெல், பரோக்குக்கு ஹென்டலின் ‘ஜூலியோ சேஸரே’ (1724) ஓபராவிலிருந்து ஸெஸ்தோ. இரண்டும் தொடக்கக்காரருக்கு நிஜமாகவே கிடைக்கும் வேடங்கள். ஹென்டலில் முதல் பகுதி திரும்ப வரும்போது புதிதாக ஏதாவது சொல்லாமல் அதையே பாடினால் கேட்பவர் சலித்துப் போவார்.

கார்மெனின் ஹபனேராவை விட்டுவிடுங்கள். உங்கள் மேல் ஸ்தாயியையும் வேகத்தையும் அது காட்டாது. 24 வயதில் கார்மென் வேடத்தை யாரும் தரப்போவதும் இல்லை. எபோலி, அஸுசேனா போன்ற வெர்டி வேடங்கள் முப்பதுகள் வரை காத்திருக்கட்டும். கனத்த ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டக் குரலைத் தள்ளும் பழக்கம் வந்துவிட்டால் எளிதில் போகாது.

குரல் உடையும் இடம்

குரல் மார்பிலிருந்து தலைக்கு மாறிப் போகும் இடத்தைக் கடவு என்பார்கள். மெஸ்ஸோவின் முதல் கடவு இ4, எஃப்4 அருகில், அதாவது பியானோவின் நடு ஸி-க்குச் சற்று மேலே. இரண்டாவது அதற்கு ஒரு ஸ்தாயி மேலே. கீழ் ஸ்வரங்களின் கனத்தை நம்பி மார்புக் குரலை முதல் கடவுக்கு மேலே இழுத்துப் போனால், ஜி, ஏ ஸ்வரங்களில் குரல் பட்டென்று மாறும், இல்லையென்றால் சுருதி தாழும். மார்புக் குரலிலேயே மேல் ஸட்ஜம் தாண்டப் பழகிய கர்நாடக சங்கீதக்காரர்களுக்கு இந்த இடம் கூடுதலாகத் தகராறு செய்யும். மருந்து: டி5-இலிருந்து கீழ்நோக்கி மென்மையாக ஐந்து ஸ்வரம் இறங்குவது, தினமும் பத்து நிமிடம். ஏறும் பயிற்சியைவிட இறங்கும் பயிற்சியே கடவைச் சரிசெய்கிறது.

பியானோ பிரதி

நன்றாகப் பாடத் தெரிந்தவர்கள்கூட இதில் கோட்டை விடுகிறார்கள். பியானிஸ்ட் உங்களை முதல்முறை பார்ப்பதே மேடையில்தான், ஒத்திகை கிடையாது. தாளின் இருபுறமும் அச்சிட்டு, துளையிட்டு, வளையக் கோப்பில் போடுங்கள். பளபளக்கும் பிளாஸ்டிக் உறை வேண்டாம், விளக்கு வெளிச்சத்தில் ஸ்வரம் தெரியாது. நகல் எடுக்கும்போது பக்கத்தின் அடிவரி வெட்டுப்பட்டால் இடக்கை ஸ்வரங்களே போய்விடும், ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். மொஸார்ட்டுக்கு பேரென்ரைட்டர் பதிப்பு. ‘ஊனா வோசே’யின் நீண்ட முன்னிசையில் கடைசிச் சில தாளக் கட்டங்கள் போதும், வெட்டிய பகுதியைத் தாள் ஒட்டி மறைத்துவிடுங்கள், பென்சில் கோடு அவசரத்தில் கண்ணில் படாது. வேகத்தைச் சொல்ல விரலைச் சொடுக்காதீர்கள். முதல் வரியைச் சன்னமாகப் பாடிக் காட்டினால் போதும்.

வீடியோ

அழைப்பு வருவதே வீடியோவைப் பார்த்துத்தான். வேறுபட்ட இரண்டு ஆரியா, ஒவ்வொன்றும் ஒரே எடுப்பில், எதிரொலி சேர்க்காமல். மைக்கைக் குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி வைத்து, ஒலி அளவைத் தானே சரிசெய்யும் வசதியை அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் உரத்த மேல் ஸ்வரமும் மெல்லிய ஸ்வரமும் ஒரே அளவில் கேட்கும்; உங்கள் குரலின் ஏற்ற இறக்கமே போய்விடும். ஒரு வருடத்துக்கு முந்திய பதிவை அனுப்ப வேண்டாம்.

எப்போது, எப்படி

ஜெர்மன் அரங்குகளின் பருவம் ஆகஸ்ட் 1-இல் தொடங்கி ஜூலை 31-இல் முடிகிறது. பாடகரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்றால், வழக்கமாக அந்தப் பருவத்தின் அக்டோபர் 31-க்குள் அரங்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; தவறினால் ஒப்பந்தம் தானாக இன்னொரு பருவம் நீளும். எந்த இடம் காலியாகிறது என்பது அந்தத் தேதியை ஒட்டித்தான் தெளிவாகும். ஆகவே இலையுதிர் காலத்துக்குள் வீடியோவும் தன்விவரமும் கையில் இருக்கட்டும். ஏஜென்ட் தன் பங்கை வேலை கிடைத்த பிறகு சம்பளத்திலிருந்து எடுத்துக்கொள்வார். முன்பணம் கேட்பவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

ஆடிஷன் அன்றைக்குப் பெயர், வேடம், ஓபரா மூன்றையும் ஜெர்மனில் சொல்லுங்கள். முதல் பாட்டு உங்கள் விருப்பம், இரண்டாவது அவர்களுடையது. பெரும்பாலும் முதலுக்கு நேர் எதிரானதைக் கேட்பார்கள். ஆகவே ஐந்தில் எதையும் ஒப்புக்கு வைக்க முடியாது. பாட்டு முடிந்ததும் ஜெர்மனில் பேச்சுக் கொடுப்பார்கள். ‘மந்திரப் புல்லாங்குழல்’ ஓபராவின் மூன்றாம் பெண்மணிக்குப் பேச்சு வசனம் உண்டு, சின்ன அரங்கில் அந்த வேடம் உங்கள் தலையில்தான் விழும். ஒரு பாட்டோடு ‘நன்றி’ என்று நிறுத்தினால் அதற்கு அர்த்தம் தேட வேண்டாம். அவர்களுக்குத் தேவையானது அதற்குள் தெரிந்திருக்கலாம்.

ஓபராவோடு கச்சேரிப் பாட்டும் வேண்டும். பாஹின் மத்தேயு பாடுகள், ஹென்டலின் மெசையா, மொஸார்ட் ரெக்வியெம், பெத்தோவனின் ஒன்பதாவது சிம்ஃபனி: நான்கிலும் ஆல்ட்டோ பகுதி உடனே பாடும் நிலையில் இருக்கட்டும். யாருக்கோ தொண்டை கட்டியது என்று காலையில் தொலைபேசி வரும், மாலையில் மேடை. எந்த வேடத்தை எந்த மொழியில், எந்தெந்த வெட்டுகளோடு பாடியிருக்கிறீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி ஏஜென்ட்டிடம் கொடுத்து வைத்தால், அந்த அழைப்பு உங்களுக்கு வரும்.